கிணற்றின் வாயில் ஒரு நகரம்

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கே, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்துக்கு யுகடான் என்று பெயர். வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதன் வடபாதியை உற்றுப் பாருங்கள். ஒரு ஆறு கூடக் கிடையாது. மலையும் இல்லை. மழை பெய்யாத ஊரோ என்றால் அதுவும் இல்லை. உள்நாட்டில் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைக் காடு. ஆனால் பெய்த மழை எங்கே போகிறது என்று மட்டும் தெரியாது. இந்தத் தரையில்தான் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மாயா மக்கள் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்த சிச்சென் இட்சா நகரத்தைக் கட்டினார்கள். சிவில் படித்த நண்பர்களுக்கு உடனே எழுகிற கேள்வி: குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

கான்குன் கடற்கரையிலிருந்து தினமும் டூரிஸ்ட் பஸ்கள் கிளம்புகின்றன. சுமார் 200 கி.மீ. தூரம். காலையில் பிரமிடு, மத்தியானம் சாப்பாடு, அப்புறம் செனோட்டே என்கிற இயற்கைக் கிணற்றில் ஒரு குளியல், திரும்பும் வழியில் வய்யாதோலித் என்ற பழைய ஸ்பானிய ஊரில் ஒரு மணி நேரம். நானும் இப்படி ஒரு பஸ்ஸில்தான் போனேன். நோட்டீஸில் பிரமிடு ஒரு ஐட்டம், குளியல் இன்னொரு ஐட்டம். வரலாற்றில் இரண்டும் ஒரே கதை. நகரத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. மாயா மொழியில் 'சி' என்றால் வாய், 'சென்' என்றால் கிணறு. இட்சா என்கிற இனத்தாரின் கிணற்று வாய். அதுதான் சிச்சென் இட்சா.

தரைக்குக் கீழே ஆறு

யுகடான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. சுண்ணாம்புக் கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. லட்சக்கணக்கான வருஷங்களில் தரைக்கு அடியில் குகைகளும் சுரங்க ஆறுகளும் உண்டாகிவிட்டன. எங்காவது ஒரு குகையின் கூரை பலவீனமாகி இடிந்து விழுந்தால் மேலே ஒரு பெரிய ஓட்டை, கீழே தண்ணீர். இதற்கு மாயா மக்கள் வைத்த பெயர் 'ட்சோனோட்'. ஸ்பானியர் வாயில் அது செனோட்டே ஆயிற்று. யுகடானில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இந்தக் கிணறுகளில் ஒரு கூட்டம் மட்டும் அரைவட்டமாக, காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி வரிசையாக அமைந்திருக்கிறது. காரணம் பூமியிலிருந்து வந்ததில்லை. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்கல் இங்கே வந்து மோதியது. சிக்சுலுப் பள்ளம் என்று பெயர். விட்டம் சுமார் 180 கி.மீ. டைனோசர்கள் அழிந்தது இந்த மோதலால்தான். பள்ளம் பிறகு வண்டலால் மூடிவிட்டது. ஆனால் அதன் விளிம்பில் பாறை விரிசல் விட்டிருந்ததால், தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டியே கரைத்துக்கொண்டு போனது.

இதைக் கண்டுபிடித்த கதை நம் போன்றவர்களுக்குச் சுவாரஸ்யமானது. 1970களின் கடைசியில் மெக்சிகோவின் எண்ணெய் நிறுவனத்துக்காகக் காந்தப்புல சர்வே செய்துகொண்டிருந்த கிளென் பென்ஃபீல்ட், அன்டோனியோ கமார்கோ என்ற இரண்டு புவி இயற்பியலாளர்கள் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். தேடியது எண்ணெய்; கிடைத்தது விண்கல் பள்ளம். 1981-ல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் லூயி ஆல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் விண்கல் கொள்கையை வெளியிட்டு, பள்ளம் எங்கே என்று உலகமே தேட ஆரம்பித்திருந்தது! இரண்டு பக்கமும் சந்திக்கப் பத்து வருஷம் ஆயிற்று. 1991-ல்தான் விஷயம் நிலைநாட்டப்பட்டது. வழிகாட்டிகள் சிலர் சிச்சென் இட்சாவே அந்த வளையத்தின் மேல் இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் நகரம் வளையத்துக்கு வெளியே, கிழக்கே தள்ளி இருக்கிறது. அங்குள்ள கிணறுகள் சாதாரணக் கரைசலால் உண்டானவை.

கல்லில் கட்டிய பஞ்சாங்கம்

காஸ்தியோ என்று ஸ்பானியர் அழைத்த பிரமிடு, குகுல்கான் என்னும் சிறகுள்ள பாம்புத் தெய்வத்தின் கோயில். ஒன்பது அடுக்கு. உச்சியில் இருக்கும் சன்னதியோடு சேர்த்து உயரம் சுமார் 30 மீட்டர். நாலு பக்கமும் படி, பக்கத்துக்கு 91. பெருக்கினால் 364. மேல்மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில், சாயங்கால வெயில் அடுக்குகளின் மூலையில் பட்டு, வடக்குப் படியின் கைப்பிடிச் சுவரில் முக்கோண முக்கோணமாக வெளிச்சம் விழுகிறது. கீழே கல்லில் செதுக்கிய பாம்புத் தலையோடு அது சேர்ந்துகொண்டு, பாம்பு இறங்கி வருவது போலவே தெரிகிறது.

அவர்களுடைய கணக்கு இருபதை அடிப்படையாகக் கொண்டது. ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஒரு கோடு, சைபருக்குச் சிப்பி மாதிரி ஒரு குறி. ஆம், சைபர் அவர்களிடமும் இருந்தது. யாரிடமும் கடன் வாங்காமல் தாங்களாகவே கண்டுபிடித்தது. பஞ்சாங்கம் இரண்டு: ஒன்று 365 நாள், மற்றது சடங்குகளுக்கான 260 நாள். இரண்டும் ஒரே இடத்தில் மறுபடி சந்திக்க 18,980 நாள் ஆகும், அதாவது 52 வருஷம். மீ.சி.ம. போட்டுப் பாருங்கள், சரியாக வரும். சுக்கிரன் ஒரு சுற்று வந்து பழையபடி அதே நிலையில் தெரிய 584 நாள். ஐந்து சுற்று என்றால் 2,920 நாள். அதுவே எட்டு வருஷம். இந்தக் கணக்கெல்லாம் இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் மாயா சுவடியில் அட்டவணையாகவே இருக்கிறது. கண்ணாடி லென்ஸ் கிடையாது, தொலைநோக்கி கிடையாது. பொறுமையும் பரம்பரை பரம்பரையாகக் குறித்து வைக்கும் வழக்கமும்தான் கருவி.

இன்னொரு வேடிக்கை. வடக்குப் படிக்கு எதிரே நின்று கை தட்டினால் எதிரொலி கைதட்டலாகத் திரும்புவதில்லை. 'கீச்' என்று பறவைக் குரலாக வருகிறது. வழிகாட்டி கை தட்டியதும் எங்கள் கூட்டமே மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தது. மந்திரமில்லை. ஒவ்வொரு படியும் ஒலியைத் தனித்தனியாகத் திருப்புகிறது. கீழ்ப்படிகளின் எதிரொலிகள் நெருக்கமாகவும், மேல்படிகளுடையவை இடைவெளி விட்டும் வந்து சேர்வதால் சுருதி மேலிருந்து கீழே சரிகிறது. 1998-ல் டேவிட் லுப்மன் என்ற ஒலியியல் நிபுணர், அது மாயா மக்கள் புனிதமாகக் கருதிய கெட்சால் பறவையின் குரலை ஒத்திருப்பதாகச் சொன்னார்.

பிரமிடின் மேல் இப்போது யாரையும் ஏற விடுவதில்லை. ஆனால் அதன் வயிற்றுக்குள் இன்னொரு பிரமிடு இருக்கிறது. 1930களில் சுரங்கம் தோண்டிப் பார்த்தபோது சிவப்பு வர்ணம் பூசி, பச்சை மணிக்கல் புள்ளிகள் பதித்த சிறுத்தை வடிவ ஆசனம் அகப்பட்டது. பிறகு மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தார் பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, எந்த இடத்தில் மின்தடை எவ்வளவு என்று அளந்து, படமாக வரைந்தார்கள். 2015-ல் ஒரு முடிவு வெளிவந்தது: பிரமிடின் அடியிலேயே ஒரு செனோட்டே! மறுவருஷம் இரண்டு பிரமிடுக்கும் உள்ளே மூன்றாவதாக இன்னும் சின்னது ஒன்று தெரிந்தது. தண்ணீரை நடுவில் வைத்து, அதன் மேல் கோயில், அதன் மேல் கோயில், அதன் மேலும் ஒரு கோயில்.

கிணற்றில் போட்டவை

கோயிலிலிருந்து வடக்கே ஒரு சாலை போகிறது. 'சக்பே' என்று பெயர், வெள்ளைச் சாலை. கல் பரப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. சுமார் 300 மீட்டர் நடந்தால் புனிதக் கிணறு. 60 மீட்டர் குறுக்களவு; செங்குத்துச் சுவர்; இருபது மீட்டருக்கும் கீழே பச்சைப் பசேலென்று தண்ணீர். இதில் குளிக்கவும் கூடாது, அன்றைக்கு இதைக் குடிக்கவும் மாட்டார்கள். ஊருக்குக் குடிநீர் தந்தது தெற்கே இருக்கும் ஷ்டோலோக் என்ற வேறொரு செனோட்டே. இது மழைத் தெய்வம் சாக் குடியிருக்கும் வாசல்.

1894-ல் எட்வர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்கத் தூதர், சிச்சென் இட்சா இருந்த பண்ணையை அப்படியே விலைக்கு வாங்கினார். நம்ப முடிகிறதா, பிரமிடு சகிதம்! 1904 முதல் கிணற்றங்கரையில் பாரந்தூக்கி நிறுத்தி, இரும்பு வாளியால் சேற்றை அள்ளினார். பிறகு தானே முங்கு உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்கினார். பச்சை மணிக்கல், தங்கத் தகடு, செம்பு மணி, சாம்பிராணி போன்ற கோப்பால் உருண்டைகள், மனித எலும்புகள் வந்தன. யுகடானில் தங்கம் விளையாது. சில பொருள்கள் இன்றைய பனாமா, கோஸ்டாரிகா பக்கத்திலிருந்து வந்தவை. ஒரு கிணற்றுச் சேறு அந்தக் கால வாணிபத்தின் கணக்குப் புத்தகமாகி விட்டது. பெரும்பகுதி ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1926-ல் மெக்சிகோ அரசு வழக்குத் தொடுத்துப் பண்ணையைக் கைப்பற்றியது. 1970-ல் பீபடி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. நிலம் மட்டும் வெகுகாலம் தனியார் குடும்பத்தின் கையில் இருந்து, 2010-ல்தான் யுகடான் மாநில அரசு விலை கொடுத்து வாங்கியது.

கிணற்றில் அழகான கன்னிப் பெண்களைத் தள்ளினார்கள் என்று பஸ்ஸில் கதை சொல்வார்கள். எலும்புகள் வேறு சொல்கின்றன: ஆண், பெண், குழந்தைகள் எல்லாரும் அதில் உண்டு. 1967-ல் பக்கத்தில் ஒரு பாதாள நீர்த்தொட்டியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அகப்பட்டன. அதில் 64 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். 64-ம் ஆண் குழந்தைகள். பலர் ஒருவருக்கொருவர் சொந்தம். இரண்டு ஜோடி அசல் இரட்டையர். மாயா புராணத்தில் பாதாளத்துக்கு இறங்கிப் போன இரட்டைச் சகோதரர் கதை உண்டு. போபோல் வூ என்ற நூலில் வருகிறது. அந்த நம்பிக்கைக்காக யாரோ ஒரு தாயின் பிள்ளைகள் போனார்கள். அதே ஆராய்ச்சியில் பக்கத்துக் கிராமத்தில் இன்று வாழ்பவர்களின் ரத்தமும் பார்க்கப்பட்டது. தொடர்பு அறுபடவில்லை. ஆகவே 'மாயாக்கள் மாயமாக மறைந்தார்கள்' என்ற வழக்கமான வசனம் தப்பு. யுகடான் மாயா மொழியை இன்றும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். டிக்கெட் கிழிப்பவரும், பஸ் ஓட்டுகிறவரும், குளிக்கும் இடத்தில் துண்டு கொடுக்கும் அம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

எரித்தவர் எழுதி வைத்தது

அப்படியானால் இந்த வரலாறு ஏன் இவ்வளவு காலம் இருட்டில் கிடந்தது? 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயா சுவடிகளைக் குவித்துத் தீ வைத்தார். சாத்தானின் வேலை என்றார். இன்று உலகத்தில் மிச்சம் இருப்பவை நாலே நாலு சுவடிகள். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதே லாந்தா மாயா மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதில் எழுத்துக்களை ஒலியோடு குறித்து வைத்தார். முந்நூறு வருஷம் அது தூங்கியது. 1862-ல் மாட்ரிட் நூலகத்தில் ஒரு பிரதி அகப்பட்டது. 1952-ல் சோவியத் ஆராய்ச்சியாளர் யூரி நோரோசோவ், மெக்சிகோவை எட்டிக்கூடப் பார்க்காமல், லெனின்கிராடில் உட்கார்ந்துகொண்டு லாந்தாவின் குறிப்பை வைத்தே எழுத்து பெரும்பாலும் அசை எழுத்து என்று காட்டினார். 1960-ல் டாட்டியானா ப்ரோஸ்கோரியாகோஃப் கல்வெட்டுகளில் இருப்பது தெய்வக் கதை அல்ல, ராஜாக்களின் பிறப்பும் பட்டாபிஷேகமும் என்று நிறுவினார். அவர் கட்டடக்கலை பட்டதாரி. 1930-ல், வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரத்தில் படிப்பை முடித்து, தொல்லியல் படம் வரையப் போனவர். படித்த துறையில் வேலை கிடைக்கவில்லையே என்று கவலைப்படும் தம்பி தங்கைகள் இந்த அம்மாளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மாயாவும் நம் புராணத்து மயனும் ஒன்று என்று நம் பக்கம் பலர் ஆசையாகச் சொல்வதுண்டு. பெயரில் ஓசை ஒற்றுமை, அவ்வளவுதான். எழுத்தைப் படித்தாகிவிட்டது. மாயா மொழிகள் சுமார் முப்பது, தனிக் குடும்பம். அவர்கள் சாதனை அவர்களுடையது. அதைப் பங்கு கேட்டால்தான் நமக்குப் பெருமை என்பதில்லை.

மழை நின்றபோது

கி.பி. 800-க்குப் பிறகு தெற்கே காட்டு நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சண்டையும் அரசியலும் காரணம், கூடவே வறட்சி. 1995-ல் யுகடானின் சிச்சன்கனாப் ஏரி வண்டலை ஆராய்ந்தவர்கள், அந்த நூற்றாண்டுகளில் ஏரி வற்றி ஜிப்சம் படிந்திருப்பதைக் காட்டினார்கள். 2025-ல் வந்த ஆராய்ச்சி இன்னும் நுணுக்கமானது. ஒரு குகையில் வளர்ந்த சுண்ணாம்புத் தூணை அடுக்கடுக்காக அளந்து, கி.பி. 871-க்கும் 1021-க்கும் இடையில் மூன்று வருஷமோ அதற்கு மேலோ நீடித்த வறட்சி எட்டு முறை வந்தது என்றும், அதில் ஒன்று 13 வருஷம் நீடித்தது என்றும் கண்டார்கள். மழைக்காலமே மழையில்லாமல் பதின்மூன்று வருஷம்! அந்தக் காலத்திலும் சிச்சென் இட்சா தாக்குப்பிடித்தது. காலடியில் வற்றாத கிணறு, தூரதேச வாணிபம் இரண்டும் கை கொடுத்தன. ஆனாலும் அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் அதன் செல்வாக்கும் மங்கியது. புனிதக் கிணற்றுக்கு யாத்திரை வருவது மட்டும் ஸ்பானியர் வந்த பிறகும் நிற்கவில்லை.

குளிக்கிற கிணறு

மத்தியானத்துக்கு மேல் பஸ் போய் நின்ற செனோட்டேயின் பெயர் இக் கில். நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். பாறையில் வெட்டிய படிகளில் 26 மீட்டர் இறங்க வேண்டும். மேலேயிருந்து மரங்களின் வேர்கள் தண்ணீர் மட்டம் வரை கயிறு மாதிரி தொங்குகின்றன. குளிப்பதற்கு முன்பே ஒருமுறை குளிக்கச் சொல்கிறார்கள். அதாவது ஷவரில் நின்று உடம்பில் பூசிய கிரீம் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் இறங்கலாம். மிதவைச் சட்டை கட்டாயம். தண்ணீர் ஜில்லென்று, அடி தெரியாத கருநீலம். சும்மா சொல்லக்கூடாது, பிரமிடு வெயிலில் வெந்த உடம்புக்குச் சொர்க்கம்தான்.

ஷவர் விஷயம் பந்தாவில்லை, காரணம் இருக்கிறது. இங்கே மண் மெல்லிசு, பாறை முழுக்க ஓட்டை. நம் ஊர் மணல் மாதிரி வடிகட்டி அனுப்பாது. மேலே எது விழுந்தாலும் நேரே நிலத்தடி நீரில் கலந்து, குகை வழியாக ஓடி, வேறொரு கிணற்றில் எட்டிப்பார்க்கும். அந்த நல்ல தண்ணீரும் மெல்லிய படலமாகத்தான் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. தீபகற்பம் முழுவதற்கும் குடிநீர் அதுதான்.

2018-ல் முங்கு வீரர்கள் சாக் ஆக்துன் என்ற குகை வழியும் பக்கத்து வழியும் ஒன்றாகச் சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 347 கி.மீ.! இந்த வழிகளில் தண்ணீருக்கு அடியில் சுண்ணாம்புத் தூண்கள் தொங்குகின்றன. அவை காற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் வளரும், தண்ணீருக்குள் வளராது. பனி யுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்து இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்ததற்கு அதுவே சாட்சி. 2007-ல் இப்படி ஒரு பள்ளத்தில் 12,000 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பெண்பிள்ளையின் எலும்புக்கூடு அகப்பட்டது.

நம் தொழிலுக்கு வந்த சோதனை

2023 டிசம்பரில் மாயா ரயில் ஓட ஆரம்பித்தது. தீபகற்பத்தைச் சுற்றி 1,500 கி.மீ.க்கு மேல், சிச்சென் இட்சாவுக்கும் ஒரு ஸ்டேஷன். கான்குன் - துலும் பகுதியில் பாதையை நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து காட்டுக்குள் மாற்றினார்கள். குகைகளின் கூரையைத் துளைத்து, இரும்புக் குழாய்களை இறக்கி, உள்ளே கான்கிரீட் நிரப்பித் தூண் போட்டார்கள். குகைக்குள் நீந்திப் போனவர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். பல ஆயிரம் வருஷம் வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களுக்கு நடுவே துருப்பிடித்த குழாய்கள். இன்னொரு பக்கம், ரயிலுக்காகத் தோண்டியதில் பல்லாயிரம் பழைய கட்டுமானங்கள் பதிவு செய்யப்பட்டன, ஏழை ஊர்களுக்குப் போக்குவரத்து வந்தது. இரண்டும் உண்மை. ஆனால் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முழுசாக சர்வே செய்யாமல் பைல் இறக்குவதை, நம் மண்ணியல் பேராசிரியர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹோமுன் என்று ஒரு மாயா கிராமம். விண்கல் வளையத்தின் மேலேயே இருக்கிறது. செனோட்டேகளுக்கு வரும் பயணிகளை வைத்துத்தான் பிழைப்பு. அங்கே 49,000 பன்றிகள் கொள்ளும் ஒரு பண்ணை வந்தது. கழிவு எங்கே போகும் என்று ஊராருக்குப் பரம்பரையாகவே தெரியும். ஊர்க் குழந்தைகளின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 2018-ல் நீதிபதி பண்ணையை நிறுத்தி வைத்தார். 2021-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன் கிணற்றுக்காகக் குழந்தைகளைக் கொடுத்த மண்ணில், குழந்தைகளுக்காகக் கிணற்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

நம் பழைய மாணவர்கள் அமெரிக்காவில் நிறைய பேர் இருக்கிறீர்கள். விடுமுறைக்குக் கான்குன் போகிறவர்களும் உண்டு. போனால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். பஸ்ஸில் போனாலும் சரி, ஒரு நாள் சிச்சென் இட்சாவைப் பாருங்கள். முடிந்தால் மறுநாள் கிராமத்தார் தாங்களே நடத்தும் ஒரு செனோட்டேக்குப் போய், நுழைவுக் கட்டணத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் குளியுங்கள். இறங்குவதற்கு முன்னால் மறக்காமல் ஷவரில் நில்லுங்கள்.